தப்பு பிளக்க திணிச்சாலும் கெடாத சாக்கெட்டு செய்ய முடியுமா?

தம்பி, நீ கேட்டத நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனான்னு மொதல்ல சொல்லிப் பாத்துக்கிறேன். போலிடெக்னிக்குல கடைசி வருஷ புரோஜெக்டு, சுவத்துல இருக்குற 13 ஆம்பியர் சாக்கெட்டுல வேற நாட்டு ரெண்டு பின்னு பிளக்க நம்ம ஆளுங்க குச்சி விட்டு திணிக்கிறாங்க, கொஞ்ச நாள்ல சாக்கெட்டு லூசாயி கருகிப் போவுது, அதனால "எந்த பிளக்க சொருகினாலும் கெடாத சாக்கெட்டு" ஒன்னு டிசைன் பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு கேக்குற. அதானே?

நல்ல கேள்விதான், ஆனா அதுக்குள்ள ரெண்டு வேற வேற ஆசை ஒட்டிக்கிட்டு இருக்கு. எல்லா பிளக்கையும் ஏத்துக்குற சாக்கெட்டு ஒன்னு, எந்த பிளக்காலயும் கெடாத சாக்கெட்டு இன்னொன்னு. ரெண்டும் ஒன்னுதான்னு நெனச்சு ஆரம்பிச்சேன்னா ஆறு மாசம் போனாலும் புரோஜெக்டு நிக்காது. ஏன்னு கடைசியில இல்ல, இப்பவே சொல்றேன்: ஏத்துக்க ஏத்துக்கத்தான் அது கெடும்.

நான் வயர்மேனா ஆரம்பிச்சு அப்பறம் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனை ஆலையில சார்ஜ்மேனா இருந்தவன், இப்ப தாமான்ல சின்னச் சின்ன வயரிங் வேல பாக்குறேன். கருகின சாக்கெட்டு எத்தன கழட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல. அதுல ஒன்ன மட்டும் விவரமா சொல்றேன், உன் டிசைனுக்கு வேண்டியது பாதி அதுலயே இருக்கு.

எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும், மடப்பள்ளியில மீன் வாசம் வருதுன்னு ஒரே கலாட்டா. யாரோ உள்ள கருவாடு பொரிச்சிருக்காங்கன்னு தலைவர் ஒரு பக்கம் கத்துறாரு, சமைக்கிற அக்கா அழுவாத குறை, ரெண்டு நாளு அந்தப் பேச்சுதான் ஓடுச்சு. நான் வெளக்கு ஒன்னு மாத்தப் போனவன், உள்ள நொழைஞ்சதும் எனக்குத் தெரிஞ்சிருச்சு அது கருவாடு இல்லன்னு. வெள்ளை சாக்கெட்டு மூடி நெறைய யூரியா பார்மால்டிஹைடுன்னு ஒரு பிளாஸ்டிக்குல வார்க்குறாங்க, அது ரொம்ப சூடானா அசல் மீன் வாசம்தான் வரும். வீட்டுல மீன் வாங்காத நாள்ல சுவத்துப் பக்கம் மீன் வாசம் வந்துச்சுன்னா நேரா மெயின் சுவிட்ச அடைங்க, அப்பறம் பூனைய திட்டலாம்.

அந்த சாக்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆணி, ஆணியில மஞ்ச நூலு, நூல்ல ஒரு சாப்ஸ்டிக் தொங்குது. புரியுதா? எர்த் ஓட்டையில அந்தக் குச்சிய விட்டா மத்த ரெண்டு ஓட்டைய உள்ள மூடியிருக்குற ஷட்டர் தொறந்துக்கும், அப்பறம் எத வேணா திணிக்கலாம். யாரோ நல்ல மனசோட அடுத்த ஆளுக்கும் உதவட்டும்னு கட்டித் தொங்க விட்டிருக்காங்க. திருவிழா பத்து நாளும் அதுல மைக் செட்டுக்காரங்க ஐரோப்பா மாதிரி தடிச்ச ரெண்டு பின்னு பிளக்க போட்டிருக்காங்க. அவங்க போயிட்டாங்க. அதுக்கு அப்பறம் அதே சாக்கெட்டுல தண்ணி கொதிக்கிற பாய்லர், சரியான மூணு பின்னு பிளக்கோட, ஒழுங்கா போட்டு ஓட்டியிருக்காங்க. கருகினது அப்பதான்.

இதத்தான் முக்கியமா கவனிக்கணும். தப்பு பிளக்கு போட்டிருந்தப்ப ஒன்னும் ஆவல, அது போன பிறகு வந்த சரியான பிளக்குதான் எரிஞ்சிருக்கு. அதனாலதான் யாரும் ரெண்டையும் சேத்துப் பாக்குறதில்ல, பாய்லர் மேல பழி போட்டு அத தூக்கி கடாசிட்டாங்க.

சாக்கெட்ட கழட்டி வெர்னியர் வச்சுப் பாத்தேன். நம்ம 13 ஆம்பியர் பிளக்குல லைவ், நியூட்ரல் பின்னு 3.97 மில்லிமீட்டர் தடிப்பு, 6.35 அகலம். அதே மாடல் புது சாக்கெட்டுல பித்தளை தகடு ரெண்டுக்கும் நடுவுல சந்து 3.5 கிட்ட இருக்கு, அப்பதானே 3.97 பின்னு உள்ள போகும்போது தகடு விரிஞ்சு இறுக்கிப் பிடிக்கும். கோயில் சாக்கெட்டுல அந்தச் சந்து 4.2. அதாவது பின்னு உள்ள போயி சும்மா காத்துல நிக்குது, எங்கயோ ஒரு ஓரத்துல ஒட்டிக்கிட்டு கரண்டு போவுது. லைவ் பக்கம் தகடு மஞ்ச நிறம் போயி செவந்து, ஓரத்துல கருப்பு.

கணக்கு போட்டுப் பாரு. பாய்லர் 2800 வாட், 230 வோல்ட்டுல 12 ஆம்பியர் சொச்சம். நல்ல தொடுப்புல தடை 5 மில்லி ஓம்னு வச்சுக்கோ, முக்கா வாட் சூடு, யாருக்கும் தெரியாது. லூசான தொடுப்புல 50 மில்லி ஓம் ஆச்சுன்னா 7 வாட்டுக்கு மேல. யூஎஸ்பில ஓடுற சின்ன சோல்டரிங் அயன் 8 வாட்தான், அத சாக்கெட்டுக்குள்ள வச்சு மூடி மணிக்கணக்கா ஓட விட்ட மாதிரி. சூடாக சூடாக பித்தளையோட ஸ்பிரிங் சக்தி எறங்கும், எறங்க எறங்க தடை கூடும், கூடக் கூட சூடு. எம்சிபி விழாது, ஏன்னா கரண்டு அதே 12 ஆம்பியர்தான். ஆர்சிடியும் விழாது, ஏன்னா எர்த்துக்கு ஒன்னும் கசியல. பிளக்குக்குள்ள இருக்குற பியூஸும் பேசாம இருக்கும். வீட்டுல இருக்குற எல்லா காவலாளியும் முழிச்சிக்கிட்டே இருக்க, அடுப்படியில தீ. அதனால லூஸ் தொடுப்ப வர விடாம பாக்குறதுதான் டிசைன், வந்த பிறகு புடிக்கிறது கஷ்டம்.

இப்ப உன் வேலைக்கு வருவோம். அந்த மைக் செட்டு பிளக்கு மாதிரி தடிச்ச ஐரோப்பா பின்னு 4.8 மில்லிமீட்டர் குறுக்களவு, ரெண்டு பின்னுக்கும் நடுவுல 19. நம்மளுது நடுவுல 22.2. ஆக அது தடிப்பாவும் இருக்கு, உள் பக்கமா நெருங்கியும் இருக்கு, கோணலாத்தான் போகும். போன் சார்ஜரு, ஷேவர்ல வர்ற மெலிசான ரெண்டு பின்னு வேற சாதி. அது 4.0 மில்லிமீட்டர், 2.5 ஆம்பியருக்குத்தான் செஞ்சது, பின்னு கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். எல்லாரும் அந்த மெலிசத்தான் திட்டுறாங்க. ஷட்டர தொறந்து வைக்கிறதால அதுவும் தப்புதான், ஆனா என் அனுபவத்துல தகட்ட பொளக்குறது அந்த 4.8தான்.

தகடு ஏன் திரும்பி வரல? தகட்ட ஒரு பக்கம் புடிச்சு இன்னொரு பக்கம் வளைக்கிற பட்டை மாதிரி நெனச்சுக்கோ, உங்க பாடத்துல கேண்டிலீவர்னு வரும். அடியில வர்ற அழுத்தம், ஒன்னரை பெருக்கல் இழுவை மாடுலஸ் பெருக்கல் தடிப்பு பெருக்கல் விரிவு, வகுத்தல் நீளத்தோட வர்க்கம். பித்தளைக்கு மாடுலஸ் 110 ஜிகா பாஸ்கல் போடு, தகடு 0.8 தடிப்பு, 12 மில்லிமீட்டர் நீளம். சரியான பின்னு போட்டா ஒவ்வொரு தகடும் 0.2 விரியுது, அழுத்தம் 183 மெகா பாஸ்கல். 4.8 பின்னு போட்டா 0.6 விரியணும், அழுத்தம் 550. பாதி கடினமான பித்தளை 300லேர்ந்து 350க்குள்ளயே நிரந்தரமா வளைஞ்சிரும். ஒரே ஒரு தடவ திணிச்சாலே போதும், பத்து நாள் வேணாம்.

அப்ப நீளத்த கூட்டலாமேன்னு தோணும். 16 ஆக்கிப் பாரு, அதே 0.6 விரிவுக்கு 309 மெகா பாஸ்கல்தான், தப்பிச்சிரும் போல இருக்கு. ஆனா பிடிக்கிற சக்திய கணக்கு போடு, 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு 12 நீளத்துல சரியான பின்ன 9.8 நியூட்டன்ல புடிச்சது, 16ல 4 நியூட்டன் கிட்ட வந்துரும். அதாவது தப்பு பிளக்குக்குத் தாங்குது, சரியான பிளக்க சோம்பேறித்தனமா புடிக்குது. அழுத்தம் நீளத்தோட வர்க்கத்துல கொறையுது, பிடி நீளத்தோட மும்மடியில கொறையுது, இங்கதான் எல்லா மாணவனும் வழுக்கி விழுவான். நல்ல கம்பெனிக்காரங்க இதுக்குக் கண்டுபுடிச்ச வழி, கரண்டு போற வேலைய ஒருத்தன்கிட்டயும் இறுக்குற வேலைய இன்னொருத்தன்கிட்டயும் குடுக்குறது. உள்ள செம்பு கலவை தகடு, வெளியே அத அணைச்சாப்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் கிளிப்பு. ஸ்டீலுக்கு அந்தச் சூட்டுல சக்தி அவ்வளவா எறங்காது, செம்புக்கு கரண்டு ஓட வழி இருக்கும். காசு கூட ஆவுதுன்னா தகட்டையாவது பித்தளைக்குப் பதிலா ஸ்பிரிங் டெம்பர் பாஸ்பர் பிரான்ஸ் போடு, அதே 550 அதுக்கு விளிம்புதான், ஆனா பித்தளை மாதிரி கையெடுத்துக் கும்பிட்டு உக்காந்துராது.

இருந்தாலும் தகட்டோட மல்லு கட்டுறத நான் ரெண்டாவதாத்தான் வைப்பேன். மொதல்ல வாய். தப்பு பின்னு தகட்டுகிட்டயே வரக்கூடாது, வந்த பிறகு தாங்குறது தோத்த ஆளு வேல. விமானத்துக்கு, ராணுவத்துக்கு செய்யுற கனெக்டர்ல ஒரு வழக்கம் இருக்கு: பின்ன உள்ள வாங்குற பெண் கான்டாக்டோட வாய சுத்தி வளையாத ஒரு வளையம், அளவு சரியான பின்னு மட்டும்தான் நொழையும், அதுக்கு மேல தடிச்சது எதுவும், டெஸ்டர் முனைய அவசரத்துல குத்தினாலும் சரி, வளையத்துல முட்டி நின்னுரும். ஸ்பிரிங் விரலுங்க அதுக்குப் பின்னால பத்திரமா ஒளிஞ்சிருக்கும். மூடின வாய் கான்டாக்டுன்னு சொல்லுவாங்க. உன் சாக்கெட்டுக்கும் அதே புத்திதான்: முன் மூடியில இருக்குற ஓட்டைய நம்பாத, அது மெலிசு, பத்து தடவ முட்டினா ஓரம் தேஞ்சிரும். ஷட்டருக்குப் பின்னால, தகட்டுக்கு முன்னால, கண்ணாடி நார் கலந்த நைலான்ல மூணு மில்லிமீட்டர் கனத்துல இன்னொரு சுவர் வை, அதுல 3.97க்கு கொஞ்சம் கூட இடம் விட்டு நீள்சதுர ஓட்டை. 4.8 வந்து அதுலதான் முட்டணும். முட்டுற சக்திய அந்தச் சுவரு வாங்கி சாக்கெட்டு உடம்புக்குக் குடுக்கணும், அதனால அத தனியா சொருகுற தட்டா இல்லாம உடம்போட சேத்து வார்த்துரு.

அதுக்கும் மேல ஒரு சின்ன காரியம், செலவே இல்லாதது. தகட்டுக்கு வெளிப்பக்கம், 0.3 மில்லிமீட்டர் தள்ளி பிளாஸ்டிக்குல ஒரு மேடு. சரியான பின்னுக்கு 0.2 விரிஞ்சா மேடு படாது. அதுக்கு மேல விரியப் பாத்தா முதுகுல மேடு தட்டும், தகடு நிரந்தரமா வளையுற எல்லைக்குப் போகவே முடியாது. மேல சொன்ன கணக்குல 0.3 விரிவுன்னா 275 மெகா பாஸ்கல், பித்தளையே தாங்கிரும். நான் கழட்டின மலிவு சாக்கெட்டு எல்லாத்துலயும் அந்த இடம் வெறும் பொந்து, தகடு எவ்வளவு தூரம் வேணா சாயலாம். அச்சுல ஒரு மேடு வெட்ட எவ்வளவு ஆவும்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் கோவம்.

ஷட்டர் கதை தனி. இந்த பிளக்கு வந்த கதையிலயே ஷட்டர் இருக்கு. சண்டைக் காலத்துலயே, 1942ல, இங்கிலாந்துல சண்டை முடிஞ்ச பிறகு வீடு கட்டும்போது வயரிங் எப்படி இருக்கணும்னு ஒரு குழு போட்டாங்க, அதுல இருந்த ஒரே பொம்பள கரோலின் ஹாஸ்லெட். வீட்டுப் பொம்பளைங்க, சின்னப் புள்ளைங்க பக்கம் நின்னு பேசினவங்க. 1944ல அறிக்கை, 1947ல பிஎஸ் 1363, அதாவது இந்த 13 ஆம்பியர் பிளக்குக்கான இங்கிலாந்து ஸ்டாண்டர்டு. அதுக்கு முன்னால உருண்டை பின்னு, பிஎஸ் 546, 2 ஆம்பியருக்கு ஒரு அளவு, 5க்கு ஒரு அளவு, 15க்கு ஒரு அளவு. நம்ம ஊருல பழைய துரை பங்களா சுவத்துல பாத்திருப்ப, இன்னும் சில வீட்டுல ஏர்கோனுக்கு அந்த 15 உருண்டை இருக்கும். ஒரு அளவு இன்னொன்னுல போகாது, அந்த வகையில பாதுகாப்புதான். ஆனா ஒரே வீட்டுல மூணு சாதி சாக்கெட்டு இருந்தா மனுசன் என்ன பண்ணுவான், அடாப்டர் மேல அடாப்டர் ஏத்துவான். அதுக்குத்தான் எல்லாத்துக்கும் ஒரே 13 ஆம்பியர், சாமானுக்குத் தகுந்த பியூஸு பிளக்குக்குள்ளன்னு மாத்தினாங்க. நம்ம மலேசியா ஸ்டாண்டர்டு எம்எஸ் 589ம் அதே வழிதான்.

எர்த் பின்னு நீளமா இருக்குறது, மொதல்ல அது போயி ஷட்டர தொறக்கட்டும்னு. அழகான யோசனை, ஆனா 1947ல யாரும் சாப்ஸ்டிக்க நெனச்சுப் பாக்கல. எர்த் மட்டும் தொறக்குற ஷட்டர்னா குச்சி போதும். அதனால நீ மூணு பின்னும் சேந்து தள்ளினாத்தான் தொறக்குற மாதிரி செய், அப்படி இப்பவே கடையில இருக்கு. லைவ் பக்கமும் நியூட்ரல் பக்கமும் ஒரே நேரத்துல, அந்த 22.2 இடைவெளியில, சமமா அழுத்தினா மட்டும் சரியுற ஒரு சின்ன தராசு. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினா சாஞ்சு பூட்டிக்கணும். 19 இடைவெளியில வர்ற பின்னு தராசோட ஓரத்த விட்டு நடுவுல படும், அங்க அழுத்தினா நகரக்கூடாது. இதுதான் உன் புரோஜெக்டுல மூளைக்கு வேல குடுக்குற இடம், நான் உன் இடத்துல இருந்தா பாதி மார்க்க இங்கதான் எடுப்பேன். ஒன்னு மறந்துராத, எர்த் பின்னு சில பிளக்குல வெறும் பிளாஸ்டிக்கு, ரெட்டை இன்சுலேஷன் சாமானுக்கு வர்றது. அதுவும் சட்டப்படி சரியான பிளக்குதான். எர்த்துல இரும்ப தொட்டாத்தான் தொறப்பேன்னு எலக்ட்ரானிக்ஸ் ஏதும் பண்ணிராத.

யூனிவர்சல் சாக்கெட்டப் பத்தி கேட்டிருந்த, எல்லா ஓட்டையும் சேந்து மூஞ்சி மாதிரி சிரிக்குமே, பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில எக்ஸ்டென்ஷன்ல விக்கிறானே, அது ஏன் நல்ல விடையில்லன்னு. கணக்குதான் பதில். அமெரிக்கா, சீனா தட்டைப் பின்னு 1.5 மில்லிமீட்டர் தடிப்பு. இந்தியா 6 ஆம்பியர் உருண்டை 5.1. ஒரே ஸ்பிரிங் 1.5ஐயும் இறுக்கணும், 5.1ம் போகணும். 0.6 விரிவுக்கே மேல என்ன பாடு பட்டோம். அதனால அவன் என்ன பண்றான், மெலிசு தகடா போட்டு எதையும் இறுக்கிப் புடிக்காம விட்டுர்றான். எர்த்த கேக்கவே வேணாம், ஐரோப்பா பிளக்குல எர்த் ஓரத்துல இருக்கு, அது இந்த மூஞ்சியில எதையும் தொடாது. ஷட்டரும் பேருக்குத்தான். எல்லாருக்கும் சரின்னு தலையாட்டுற ஆளுகிட்ட கடன் கேட்ட மாதிரி, கடைசியில கையில ஒன்னும் நிக்காது.

ஆனா ஆளு பாத்து ஏத்துக்குற டிசைன் இருக்கு, அத பாத்து கத்துக்கோ. கம்ப்யூட்டர் பின்னால சொருகுற வயரும் சில சூடு சாமானுக்கு வர்ற வயரும் பாக்க ஒன்னுதான், உத்துப் பாத்தா சூடு வயரு முனையில ஒரு காடி வெட்டியிருக்கும், சாமான் பக்கம் அதுக்கு ஒரு வரப்பு. சி13, சி15ன்னு பேரு. 120 டிகிரி தாங்குற சி15 கம்ப்யூட்டர்லயும் போகும். 70 டிகிரிதான் தாங்குற கம்ப்யூட்டர் வயரு சூடு சாமான்ல போகாது, வரப்பு தடுக்கும். பலசாலி எளியவன் வீட்டுக்குப் போலாம், எளியவன் பலசாலி வீட்டுக்குப் போகக்கூடாது. ஒரு வரப்புல இவ்வளவையும் சொல்லிட்டான். ஆலையில இருக்குற நீலம், மஞ்ச, செவப்பு இண்டஸ்ட்ரியல் பிளக்கும் அப்படித்தான், கடிகாரத்துல மணி பாக்குற மாதிரி எர்த் எந்த மணியில இருக்குன்னு வச்சே வோல்டேஜ பிரிக்கிறான், நீலம் 230க்கு ஆறு மணி, மஞ்ச 110க்கு நாலு மணி. ராத்திரி ஷிப்டுல மழையில தூக்கக் கலக்கத்துல சொருகினாலும் தப்பா போகாது, நான் சொருகிப் பாத்திருக்கேன்.

நம்ம கையில இருக்குற யூஎஸ்பி சி ஓட்டை இன்னும் ஒரு படி மேல. சார்ஜர் பக்கம் ஓட்டையில மொதல்ல கரண்டே இருக்காது. எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்னு இருக்கான்னு பாத்துட்டுத்தான் 5 வோல்ட்ட விடும். மலிவு டார்ச்லைட்டு சில சி டு சி வயர்ல சார்ஜ் ஏறாதே, கெட்டுப் போச்சுன்னு கொண்டு வந்து குடுப்பாங்க, அந்த ரெண்டு காசு ரெசிஸ்டர போடாம விட்டுட்டான் அவ்வளவுதான். ஆளு யாருன்னு தெரியாம கதவ தொறக்க மாட்டேங்குது.

டிசி பக்கம் ஒன்னு சொல்லிர்றேன், ஏன்னா அதுவும் தப்பு பிளக்கு சமாச்சாரம்தான், அதுல நானே அசடு வழிஞ்சிருக்கேன். பஜனை கீபோர்டு 9 வோல்ட், நடுப் பின்னு மைனஸ். டிவி டப்பா அடாப்டர் 12 வோல்ட், நடுவுல பிளஸ். ரெண்டும் அதே உருண்டை முனை, வெளிக்குறுக்கு 5.5. வெள்ளிக்கிழமை பூஜைக்கு நேரமாச்சுன்னு ஒரு பையன் கேக்க, போடு போடு சரியாத்தான் இருக்கும்னு சொன்னது நான்தான். ஒரு சின்ன டப்புன்னு சத்தம். இந்த முனையில வாய் வச்சு தடுக்க முடியாது, உலகம் பூரா அதே அளவு. அதனால உள்ள தடுக்கணும், வரிசையா ஒரு ஷாட்கி டயோடு, 1 ஆம்பியருக்குள்ளன்னா 1என்5819 போதும், தலைகீழா போட்டா கரண்டே போகாது. அரை வோல்ட் தின்னும், பேட்டரியில ஓடுற சாமானுக்கு அது பாரம்னா அதே வேலைய கம்மி வோல்ட் தின்னு பண்ணுற பி சேனல் மாஸ்பெட்டு. வோல்டேஜ் கூடினா கவுத்து விட ஒரு டிவிஎஸ் டயோடு, அதுக்கு முன்னால பாலிபியூஸு, ஆறினா தானா திரும்ப சேருற பியூஸு. எல்லாம் சேத்து பெரிய செலவில்ல. அந்தக் கீபோர்டுல இது எதுவும் இல்ல.

இன்னொன்னு, புள்ளைங்க கை விடக்கூடாதுன்னு சாக்கெட்டுல சொருகுற பிளாஸ்டிக் மூடி. அதுவும் தப்பு பிளக்குதான். அளவு சரியில்லாத பிளாஸ்டிக் பின்னு தகட்ட விரிக்கும், தலைகீழா எர்த்த மட்டும் சொருகினா ஷட்டர தொறந்தே வச்சிருக்கும். 2016ல இங்கிலாந்து சுகாதாரத் துறை, ஆஸ்பத்திரியில எல்லாம் இத கழட்டுங்கன்னே அறிவிப்பு விட்டுச்சு. நல்ல ஷட்டர் இருக்குற சாக்கெட்டுக்கு அது தேவையே இல்ல.

இப்ப உன் ஆசிரியரு கேப்பாரு, சாக்கெட்டு முடியாதுன்னு சொன்னா ஜனங்க என்ன பண்ணுவாங்கன்னு. நியாயமான கேள்வி. எங்கம்மா ஊருக்குப் போயி வரும்போது கோயம்புத்தூர்லேர்ந்து மிக்ஸி தூக்கிட்டு வந்தாங்க, மூணு உருண்டை பின்னு. முடியாதுன்னு சொன்னா எங்கம்மா நிறுத்திருவாங்களா? சுத்தியல எடுத்துட்டு வருவாங்க. அந்த மாதிரிக்கு வழி ஒன்னுதான், பழைய பிளக்க வெட்டிப் போட்டுட்டு 13 ஆம்பியர் பிளக்கு மாட்டு, 750 வாட் மிக்ஸி மூணே கால் ஆம்பியர்தான் இழுக்கும், 5 ஆம்பியர் பியூஸு போடு, பச்சை மஞ்ச வயர மறக்காம எர்த்துல கட்டு. பத்து நிமிச வேல. ரெண்டு பின்னுக்கு பியூஸோட வர்ற மாத்து பிளக்கு ஹார்ட்வேர் கடையில கெடைக்கும். நீ புரோஜெக்டுல சாக்கெட்டோட ஒரு ஓரத்துலயே அந்த மாத்து பிளக்க மாட்டி வைக்க ஒரு கொக்கி குடுத்தா எப்படி இருக்கும்னு யோசி, அந்தச் சாப்ஸ்டிக் தொங்கின இடத்துல. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. குச்சி கைக்கு எட்டுற தூரத்துல இருந்ததாலதான் எல்லாரும் குச்சி விட்டாங்க.

சூடு சென்சாரு, ரிலே, போனுக்கு மெசேஜுன்னு எல்லாம் எழுதியிருந்த. லைவ் தகட்டுப் பக்கத்துல ஒரு தெர்மல் பியூஸு வைக்கிறது நல்லதுதான், நான் வேணாங்கல. ஆனா வாயும் மேடும் தராசும் முடியாம அதுல எறங்காத, எல்லா பசங்களும் போர்டுல வெளக்கு மினுக்குறதோட நின்னுர்றாங்க.

டெஸ்ட் பண்றப்ப மெயின் கரண்டுல கை வைக்காத, தேவையே இல்ல. 12 வோல்ட் கார் பேட்டரி, 55 வாட் ஹெட்லைட் பல்ப் ரெண்ட பேரலல்ல கட்டினா 9 ஆம்பியர் சொச்சம் ஓடும். வயரு பக்கத்துலயே ஒரு இன்லைன் பியூஸு போட்டுக்கோ, கார் பேட்டரி ஷார்ட் ஆனா ஸ்பேனரையே உருக்கும். அந்தக் கரண்ட சாக்கெட்டு வழியா விட்டு, பின்னோட அடிப்பக்கத்துக்கும் தகட்டு ஸ்குரூவுக்கும் நடுவுல எத்தன மில்லி வோல்ட்டுன்னு பாரு. 9 மில்லி வோல்ட்டுன்னா 1 மில்லி ஓம், அருமை. அப்பறம் பேட்டரிய கழட்டிட்டு 4.8 மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பிய, டிரில் பிட்டோட வால் பக்கம் போதும், அம்பது தடவ திணி, திரும்ப மாட்டிப் பாரு. கூடவே பிளக்குல ஒரு பின்ன மட்டும் வச்சு தலைகீழா தொங்க விட்டு மணல் போத்தல் கட்டி எவ்வளவு பாரத்துல கழண்டு விழுதுன்னும் எழுதி வை. கடையில வாங்கின மலிவு சாக்கெட்டு ரெண்டு, நல்ல சாக்கெட்டு ரெண்டு, உன்னுது ஒன்னு, அஞ்சையும் ஒரே மாதிரி பண்ணினா கிராப் தானா வந்துரும்.

கோயில் சாக்கெட்ட நான் தூக்கிப் போடல, மைலோ டின்ல வச்சிருக்கேன், வெர்னியர் வச்சு நீயே அளந்து பாக்கலாம். ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு வீட்டுப் பக்கம் வா. டின்ன மட்டும் வெளிய வச்சு தொற, வாசம் இன்னும் போகல.